மறுத்தோர்க்கும் ஒரு நடுகல்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தியா கேட் புதியதன்று. கோடை மாலைகளில் பிள்ளைகளைப் புல்வெளியில் ஓடவிட்டு, ஊரிலிருந்து வந்த உறவினரை அவ்வளைவின் முன் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. 42 மீட்டர் உயர்ந்து நிற்கும் அந்த வாயிலில் 13,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை அண்ணாந்து பார்த்து ஒன்றிரண்டையேனும் படிப்போர் நம்முள் மிகச் சிலரே. முதல் உலகப் போரிலும் அதனை அடுத்து நிகழ்ந்த ஆப்கானியப் போரிலும் மாண்ட இந்தியப் படைஞர்க்கென எழுந்த அச்சின்னத்துக்கு 1921-ஆம் ஆண்டு கால்கோள் நிகழ்ந்தது. 1931-இல் அது திறக்கப்பெற்றது. வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியை வகுத்த அதே சிற்பக்கலைஞர்தாம் இலண்டன் ஒயிட்ஹால் வீதியில் பிரிட்டனின் போர்மாண்டார் நினைவுத்தூணையும் அமைத்தவர். போரில் மடிந்தோர்க்குக் கல் எழுப்புவதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் இலர்.

அவர் வரைந்த வேறொரு கட்டடம் இலண்டனில் புளூம்ஸ்பரி என்னும் பகுதியில் உள்ளது. அதன் எதிரே ஒரு சிறு பூங்கா. டாவிஸ்டாக் சதுக்கம் என்பது அதன் பெயர். சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி, உள்ளே ஓங்கிய மரங்கள், சில இருக்கைகள், குறுக்கே செல்லும் நடைபாதைகள். ஒரு முறை சுற்றிவர ஐந்து நிமிடம் போதும். இலண்டனில் பணிபுரியும் மக்களைக் காணச் செல்லும் நம்மவர், கோபுரத்தையும் அரண்மனையையும் பாலத்தையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். யூஸ்டன் இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இப்பூங்கா இருக்கிறது; ஆயினும் சுற்றுலா வண்டிகள் இதன் முன் நிற்பதில்லை. நாம் சென்றது ஒரு மே மாதத்து நண்பகலில். அருகிலுள்ள அலுவலகங்களில் பணியாற்றுவோர் பொட்டலத்தைப் பிரித்து உணவு உண்டுகொண்டிருந்தனர். காந்தியடிகள் அவர்கள் நடுவே அமர்ந்திருந்தார்.

இச்சதுக்கம் பெட்போர்டு பிரபுக்களின் நிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. அக்குடும்பத்து மூத்த மகனுக்குரிய பட்டமே இதற்குப் பெயராயிற்று. புதின ஆசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1851 முதல் 1860 வரை இங்கே குடியிருந்தார். அவர் வாழ்ந்த மனை இன்று இல்லை. அவ்விடத்தில்தான் லட்யன்ஸின் சிவந்த செங்கற் கட்டடம் நிற்கிறது. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தி. சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபைக்கு இலண்டனில் ஓர் இல்லம் வேண்டும் என்று அன்னி பெசண்ட் அம்மையார் 1911-இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் அது. உலக சகோதரத்துவத்தை முதற்கொள்கையாகக் கொண்ட சபை அது. ஆனால் பணி முடியுமுன் 1914-இல் போர் வந்துவிட்டது. அரைகுறையாக நின்ற கட்டடத்தை அரசு எடுத்துக்கொண்டு, படைவீரர்களின் சம்பளக் கணக்கை எழுதும் அலுவலகமாக்கிற்று. 1917-இல் அம்மையார் தன்னாட்சி இயக்கம் நடத்தியதற்காக உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டார். சபை அக்கட்டடத்தை மீண்டும் பெறவில்லை. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதனை வாங்க, 1925-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதனைத் திறந்துவைத்தார். இன்றளவும் அது மருத்துவர் இல்லமாகவே விளங்குகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம். பின்னர் இக்கட்டடத்துக்கு மறுபடி வரவேண்டியிருக்கும்.

பூங்காவின் நடுவண் அமைந்த காந்தியடிகள் சிலைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1953-இல், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்காக இலண்டன் சென்ற நேரு பெருமகனார் இங்கே ஒரு பீச் மரத்தை நட்டார். சிலைக்காக உழைத்தவருள் முதன்மையானவர் வி. கே. கிருஷ்ண மேனன். நம்மவர் அவரை ஐக்கிய நாடுகள் அவையில் மணிக்கணக்காகப் பேசியவராகவும், 1962-இல் பதவி இழந்த பாதுகாப்பு அமைச்சராகவும் மட்டுமே நினைவுகூர்கின்றனர். ஆனால் 1934 முதல் பதின்மூன்று ஆண்டுகள் இப்பகுதியின் செயின்ட் பாங்கிராஸ் நகராட்சியில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினராக அவர் இருந்தார் என்பதும், நூலகப் பணியில் பெருநாட்டம் காட்டினார் என்பதும் அவ்வூரார் மறவாத செய்திகள். அயலூரில் பிழைக்க வந்தவன் அவ்வூரின் நூலகத்துக்காகவும் உழைக்கலாம் என்பதற்கு அவர் சான்று. புலம்பெயர்ந்து வாழும் நாம் எண்ணிப்பார்க்கத் தக்க செய்தி இது என்பதால் சற்றே விலகிச் சொன்னோம்.

சிலையை வடித்தவர் பிரெடா பிரில்லியண்ட் என்னும் அம்மையார். போலந்தில் பிறந்தவர், இந்தியாவிலும் சில காலம் வாழ்ந்தவர். 1968-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பிரதமர் ஹெரால்டு வில்சன் சிலையைத் திறந்துவைத்தார். அடிகள் சம்மணமிட்டு, தலை சற்றே கவிழ, ஆழ்ந்த சிந்தையில் அமர்ந்திருக்கிறார். பீடத்தில் குடைவான ஒரு மாடம். மலர் வைப்பதற்கென்றே விடப்பட்டது அது. நாம் சென்ற அன்று அதில் வாடிய ரோசாக்கள் சிலவும் எரிந்து தீர்ந்த மெழுகுவத்தி ஒன்றும் கிடந்தன.

அரையில் எளிய ஆடையும் மேலே ஒரு போர்வையுமாக அவர் காட்சிதரும் கோலம் உலகெங்கும் அறிந்த கோலம். அது எங்கே பிறந்தது என்பதைத் தமிழர் நாம் பெருமிதத்தோடு சொல்லலாம். 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில்தான் அடிகள் நீண்ட வேட்டியையும் மேலாடையையும் தொப்பியையும் துறந்தார். அயல்நாட்டுத் துணியைக் களைந்துவிட்டால் மாற்றுடைக்கு வழியில்லை என்று ஏழைகள் உரைத்ததே அதற்குக் காரணம். பத்தாண்டு கழித்து, 1931-இல், வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் வந்தபோதும் அவர் உடையை மாற்றவில்லை. கிழக்கு இலண்டனில் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் தங்கினார். அதே கோலத்தில் அரண்மனைக்குச் சென்று மன்னரைக் கண்டார். மதுரைத் தெருவில் எடுத்த முடிவு இலண்டன் பூங்காவில் வெண்கலமாகி நிற்கிறது.

இங்கே நாம் மறைக்காமல் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வில்சன் இச்சிலையைத் திறந்து ஒரு மாதம் ஆவதற்குள், அவருடைய அரசின் முதல் பொலாரிஸ் நீர்மூழ்கிக் கப்பல் அணுகுண்டு ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு தன் முதற் காவற்பயணத்தைத் தொடங்கிற்று. அகிம்சைக்கு மாலை, ஆழ்கடலில் அணுகுண்டு. இதனைச் சொல்லி ஆங்கிலேயரை எள்ளி நகையாடும் தகுதி நமக்கும் இல்லை. 1974 மே 18-ஆம் நாள் பொக்ரானில் நாம் நடத்திய சோதனையும், 1998-இல் அதே இடத்தில் நடத்திய சோதனைகளும் அடிகள் பிறந்த மண்ணில் நிகழ்ந்தவைதாமே. அணுகுண்டின் அச்சமே உலகுக்கு அகிம்சையைக் கற்பிக்கும் என்று சில அமெரிக்க நண்பர் கூறியபோது, 1946-இல் 'ஹரிஜன்' இதழில் அடிகள் அதனை மறுத்தெழுதினார் என்பதையும் ஈண்டு நினைக்கலாம்.

சிலை வருமுன்பே இப்பூங்காவுக்கு ஒரு செர்ரி மரம் வந்துவிட்டது. 1967 ஆகஸ்ட் 6-ஆம் நாள், கேம்டன் நகரத் தலைவராக இருந்த மில்லி மில்லர் அம்மையார் இரோஷிமாவில் மாண்டோர் நினைவாக அதனை நட்டார். 1945-ஆம் ஆண்டு அதே நாளில் வீழ்ந்த குண்டினால் அவ்வாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் மடிந்தனர் என்பது கணக்கு. அவர்கள் பிரிட்டனின் பகைநாட்டார். ஜப்பானியரின் சிறைமுகாம்களில் பட்ட துன்பத்தை மறவாத பிரிட்டிஷ் வீரர்கள் பல்லாயிரவர் உயிருடன் இருந்த காலம் அது. சயாம் மரண இரயில் பாதையில் நம் மலேயாத் தமிழர் அடைந்த அழிவும் ஜப்பானியர் செய்ததே. அத்தகைய காலத்தில், எதிரி நாட்டு ஊரொன்றின் மக்களுக்காக ஒரு நகராட்சி தன் பூங்காவில் மரம் நடுவது எளிய செயலாக நமக்குத் தோன்றவில்லை. போர்க்களத்தில் வென்றவன் தன் மாண்டாரை எண்ணுவது உலக இயல்பு. தன் தரப்பாரால் மாண்டாரை எண்ணுவதற்கு வேறு மனம் வேண்டும்.

பூங்காவின் வடபுறத்துக்கு இனிச் செல்வோம். நாம் இங்கு வந்ததன் நோக்கமே அதுதான்.

அங்கே கரடுமுரடான கரும்பாறை ஒன்று நிற்கிறது. கம்பிரியா மலைப்பகுதியிலிருந்து கொண்டுவந்த கற்பலகைப் பாறை. அதன் அகவை ஏறத்தாழ 45 கோடி ஆண்டு என்பர். மெருகு இல்லை, உருவம் இல்லை. கொல்ல மறுக்கும் உரிமையை நிலைநாட்டியவர்க்கும் அதனை இன்று காத்துவருவோர்க்கும் உரியது என்னும் கருத்தில் சில வரிகள் மட்டும் செதுக்கப்பட்டுள்ளன. மனச்சான்றின் பொருட்டுப் படையில் சேர மறுத்தவர்களுக்கான நினைவுக்கல் இது. 1994-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் இதனைத் திறந்துவைத்தவர் இசைமேதை மைக்கேல் டிப்பெட். அப்போது அவருக்கு அகவை 89. இரண்டாம் உலகப் போரின்போது படைத்தொடர்பான பணியை ஏற்க மறுத்து, 1943-இல் மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றவர் அவர்.

யார் இவர்கள்? 1914-இல் போர் மூண்டபோது பிரிட்டனில் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. விரும்பிச் சேர்ந்தோரே போதும் என்று கருதினர். சேராத இளைஞர்க்குத் தெருவிலும் டிராம் வண்டியிலும் பெண்கள் சிலர் வெண்சிறகு ஒன்றைக் கொடுத்துக் கோழை என்று நாணச் செய்தனர். களத்தில் மாண்டோர் தொகை பெருகவே, 1916-இன் தொடக்கத்தில் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்திலேயே மனச்சான்றைக் காட்டி விலக்குக் கேட்க ஒரு விதியும் வைக்கப்பட்டது. அது ஆங்கிலேயர் பெருமைக்குரியதே. ஆனால் விலக்குக் கேட்டோரை விசாரித்த தீர்ப்பாயங்களில் அவ்வூர்ப் பெரியவர்களோடு படைத்துறையின் சார்பாளரும் வந்து அமர்ந்தார். உன் தங்கையை ஒரு செருமானியன் தாக்கினால் என்ன செய்வாய் என்னும் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டனர். இதற்குச் செம்மையான விடை யாரிடம் உண்டு? சிலர் மருத்துவப் பணிக்கு அனுப்பப்பட்டனர். சிலர் வயலுக்கும் சுரங்கத்துக்கும். எவ்வகையிலும் போருக்குத் துணைபோக மாட்டோம் என்றவர்கள் சிறைக்குச் சென்றனர். முதல் உலகப் போரில் மறுத்தோர் 16,000-க்கும் மேற்பட்டவர். அவருள் ஏறத்தாழ 6,000 பேர் சிறைப்பட்டனர். விடுதலையான அன்றே சிறைவாயிலில் மறுபடி பிடித்து மறுபடி தண்டித்த நிகழ்ச்சிகளும் உண்டு.

1916-இன் கோடையில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் உச்சம். மறுத்தோருள் ஒரு சிறு கூட்டத்தாரைப் படையினர் பிரான்சு நாட்டுக்கு இட்டுச் சென்றனர். அங்கே போர்க்களச் சட்டம் நடப்பதால் கட்டளையை மறுத்தால் மரண தண்டனை. சூன் மாதத்தில், அணிவகுத்து நின்ற படையின் முன்னிலையில் முப்பத்தைந்து பேருக்கு ஒருவர்பின் ஒருவராகத் தீர்ப்புப் படிக்கப்பட்டது. சுட்டுக் கொல்லப்படவேண்டும் என்று படித்தபின் சிறிது நிறுத்தி, தண்டனை பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது என்று முடித்தனர். அந்தச் சிறிது நேரத்தில் அவர்கள் என்ன எண்ணியிருப்பர்! கணக்கரும் ஆசிரியரும் கடைச் சிப்பந்தியுமாக இருந்த எளிய இளைஞர்கள் அவர்கள். கருத்தை மாற்றிக்கொண்டிருந்தால் அக்கணமே விடுதலை கிடைத்திருக்கும். போர் முடிந்த பின்பும் அவர்களுக்கு மன்னிப்பில்லை. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தோர் பலரின் வாக்குரிமையை ஐந்தாண்டுக்குப் பறித்தது. வேலை கிடைப்பது அரிதாயிற்று. சிறையிலும் அதனால் உற்ற நோயிலும் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர்.

நடுகல் மரபை நன்கறிந்த இனம் நம்முடையது. நிரை மீட்கச் சென்று பட்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் பொறித்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வழிபட்ட செய்திகளைச் சங்கப் பாடல்கள் கூறும். செங்கம் வட்டாரத்தில் கண்டெடுத்த நடுகற்கள் அவ்வழக்கம் நூற்றாண்டுகள் பலவாகத் தொடர்ந்ததைக் காட்டுகின்றன. அவையெல்லாம் போரிட்டு வீழ்ந்தவர்க்கு உரியவை. போரைத் தடுத்தவர்க்கு நாம் கல் நட்டோமா? நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது இடைநின்று அறிவுரைத்தவர் கோவூர் கிழார். மலையமான் மக்களை யானைக்காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனைத் தடுத்தவரும் அவரே. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். புலவர்களின் பாட்டு நம்மிடம் உள்ளது. அதுவும் ஒருவகை நினைவுச்சின்னமே. ஆனால் வேலை ஏந்த மாட்டேன் என்று கூறிய ஒரு சாதாரண மறக்குடி இளைஞன் அக்காலத்தில் இருந்திருந்தால், அவனைப் பற்றி நமக்கு ஒரு வரியேனும் கிடைத்திருக்குமா என்னும் எண்ணம் அக்கல்லின் முன் நின்றபோது நமக்கு எழுந்தது. புறத்தில் பிறந்து புறமுதுகிடாமையைப் போற்றிய மரபில் அவனுக்கு இடம் எளிதில் கிடைத்திராது.

காந்தியடிகளும் மறுத்தோரும் ஒரே பூங்காவில் இருப்பது பொருத்தமே என்று மேலோட்டமாகக் காண்போர் கூறுவர். வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. 1914 ஆகஸ்ட் 6-ஆம் நாள், போர் அறிவிக்கப்பட்ட இரண்டாம் நாள், அடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து இலண்டன் வந்து சேர்ந்தார். அவரோடு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை மறைந்து ஆறு மாதம்கூட நிறைந்திராத நேரம். வந்தவர், பேரரசின் இடுக்கண் வேளையில் இந்தியர் துணைநிற்க வேண்டும் என்று கூறி, இலண்டனில் பயின்ற மாணவர்களைத் திரட்டிக் காயமுற்ற வீரர்க்குப் பணிவிடை செய்யும் படையொன்றை அமைத்தார். இது அகிம்சையோடு எவ்வாறு பொருந்தும் என்று தென்னாப்பிரிக்கத் தோழர் போலக் தந்தியிலேயே கேட்டுவிட்டார். 1918-இல் அடிகள் அதனினும் ஒரு படி மேற்சென்றார். தில்லியில் வைசிராய் கூட்டிய போர் மாநாட்டில் கலந்துகொண்டு, பின்னர்க் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, படையில் சேருமாறு உழவர்களை அழைத்தார். சிறிது முன்புதான் அதே உழவர்கள் வரிகொடா இயக்கத்தில் அவரைத் தொடர்ந்தவர்கள். அப்போது கூலியின்றி வண்டி தந்தவர்கள், இப்போது கூலிக்கும் வண்டி தர மறுத்தனர் என்று அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். நடந்து களைத்து, வயிற்றுக்கடுப்பால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். ஆள் அதிகம் சேரவில்லை.

இங்கிலாந்தின் சிறைகளில் அவ்வாண்டு கல் உடைத்துக்கொண்டிருந்த இளைஞர்கள், கேடாவில் நடந்துகொண்டிருந்த அடிகளைக் கண்டிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள்? கேடாவின் உழவரையும் நாம் மறக்கலாகாது. பெருந்தலைவர் வந்து அழைத்தும் போக மறுத்த அவர்கள், மனச்சான்று என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்; ஆயினும் மறுத்தார்கள். அடிகளைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. அச்சத்தால் விலகுவது வேறு, ஆற்றல் இருந்தும் விலகுவது வேறு என்று அவர் வாதிட்டார். ஒரு கருத்தோடு போராடிப் போராடியே அதனை அடைந்தவர் அவர். கருப்பு வெள்ளையாக எழுதப்படும் பாடநூல் வரலாற்றில் 1918-ஆம் ஆண்டுக் காந்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சிலைக்கும் கல்லுக்கும் இடையே சில நூறு அடிதான். அந்த இடைவெளியில் நடந்தபோது நாம் எண்ணியது இதுவே.

பூங்காவின் தென்மூலைகள் இரண்டிலும் இரு பெண்மணிகள். ஒருவர் லூயிசா ஆல்ட்ரிச் பிளேக். அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண். போர்க் காலத்தில் பெண் மருத்துவர்களைப் படை மருத்துவமனைகளுக்குத் திரட்டி அனுப்பியவர். இவருடைய நினைவுச்சின்னத்தின் கட்டட அமைப்பும் லட்யன்ஸ் வரைந்ததே. மற்றவர் வர்ஜீனியா வுல்ப். இச்சதுக்கத்தின் 52-ஆம் எண் வீட்டில் 1924 முதல் 1939 வரை வாழ்ந்து, கணவரோடு அச்சகமும் பதிப்பகமும் நடத்தினார். அவருடைய நண்பர் குழாத்தில் முதல் உலகப் போரில் படைசேர மறுத்தவர் சிலர் இருந்தனர். போரைத் தடுப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு விடையாக 1938-இல் ஒரு நூலையே எழுதினார். இரண்டாண்டு கழித்து செருமானிய விமானங்கள் வீசிய குண்டில் அந்த 52-ஆம் எண் வீடு இடிந்து மண்ணாயிற்று.

நினைவுகளுக்கென்று ஒதுக்கிய இச்சிறு நிலத்தின் வாயிலில் 2005-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் நிகழ்ந்ததை இனிக் கூறவேண்டும். காலை எட்டே முக்கால் மணிக்குச் சற்றுப் பின்னர், இலண்டன் சுரங்க இரயில்கள் மூன்றில் குண்டுகள் வெடித்தன. இரயில்கள் நின்றுவிடவே மக்கள் பேருந்துகளை நாடினர். ஹாக்னிக்குச் செல்லும் 30-ஆம் எண் மாடிப்பேருந்து, யூஸ்டன் சாலை அடைபட்டிருந்தமையால் தன் வழக்கமான வழியை விட்டு இச்சதுக்கத்தின் பக்கம் திருப்பிவிடப்பட்டது. 9 மணி 47 நிமிடத்துக்கு, மருத்துவச் சங்கக் கட்டடத்தின் முன்னே, மேல்தளத்தில் அமர்ந்திருந்த பதினெட்டு வயது இளைஞன் தன்னிடமிருந்த குண்டை வெடிக்கச் செய்தான். அவனன்றிப் பதின்மூவர் மாண்டனர். அன்று நகரெங்கும் மாண்ட அப்பாவிகள் ஐம்பத்திருவர். வழி மாறிய பேருந்து. இரயில் நின்றதால் ஏறிய பயணிகள். இப்பூங்காவுக்கும் அவர்களுக்கும் எத்தொடர்பும் இல்லை.

கட்டடத்தினுள் அன்று மருத்துவர் பலர் கூட்டங்களுக்காக வந்திருந்தனர். ஓசை கேட்டு ஓடிவந்தவர்களிடம் மருந்துமில்லை, கருவியுமில்லை. மேசைப் பலகைகளைக் கழற்றித் தூக்குப்படுக்கையாக்கினர். கட்டடத்தின் முற்றத்தையே மருத்துவமனையாக்கி, கிடைத்த துணியால் கட்டுக் கட்டினர். உலக சகோதரத்துவத்துக்காக அன்னி பெசண்ட் அம்மையார் அடிக்கல் நாட்டி, போர்ச் சம்பளக் கணக்கு எழுத எடுத்துக்கொள்ளப்பட்டு, மருத்துவர் கைக்கு வந்த முற்றம் அது. அதன் முகப்புச் சுவரில் அன்று இரத்தம் தெறித்திருந்தது. குண்டு வைத்த இளைஞனும் அவன் தோழர்களும் ஈராக்கிலும் பிற நாடுகளிலும் பிரிட்டன் நிகழ்த்திய போருக்குப் பழிவாங்குவதாகக் கருதினர். ஒரு போரை மறுத்தவர்களின் கல் உள்ளே நிற்க, இன்னொரு போரைக் காரணம் காட்டியவன் வெளியே குண்டை வெடித்தான். மறுப்புக்கும் பழிக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் கொடிய முறையில் யாரும் காட்டியிருக்க இயலாது.

மாண்ட பதின்மூவர்க்கும் முதலில் கட்டடத்தின் வேலியில் ஒரு பலகை வைக்கப்பட்டது. 2018-இல் பூங்காவினுள்ளேயே அவர்கள் பெயர்களோடு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. பூங்கா அவர்களையும் ஏற்றுக்கொண்டது. இது எப்போதும் அமைதி நிலவும் இடம் என்று நாம் சொல்லமாட்டோம். 2025 செப்டம்பரின் இறுதியில், பிறந்தநாள் விழாவுக்குச் சில நாள் முன்பு, யாரோ அடிகளின் பீடத்தில் வண்ணப்பூச்சால் வசைமொழி எழுதிச் சென்றனர். இந்தியத் தூதரகம் கண்டித்தது.

ஆண்டில் நான்கு நாள்கள் இங்கே மக்கள் கூடுகின்றனர். அக்டோபர் 2-இல் நம் தூதரகத்தார் மாலை சூட்டுகின்றனர். பசனைப் பாடல்கள் ஒலிக்கின்றன. ஆகஸ்ட் 6-இல் செர்ரி மரத்தருகே அணுகுண்டு எதிர்ப்பாளர் கூடுகின்றனர். சூலை 7-இல் பதின்மூவரின் உற்றார் வருகின்றனர். மே 15-ஆம் நாள், மறுத்தோரின் கல்லைச் சுற்றிச் சிலர் நிற்கின்றனர். அக்கல்லில் பெயர் ஒன்றும் இல்லை. ஆகவே பல நாடுகளில் கொல்ல மறுத்துத் துன்புற்றவர்களின் பெயர்களை ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டுப் படிக்கின்றனர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெண்மலரைக் கல்லின்மீது வைக்கின்றனர்.